உழைத்து முன்னேறிய ஊர்: யாருடைய உழைப்பு, யாருடைய முன்னேற்றம்?

திருப்பூரைப் பற்றி ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மேடையில் சொல்கிறார்கள், வார இதழ்களில் எழுதுகிறார்கள், கல்லூரி விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்ததும் அதைத்தான் எடுக்கிறார். தன்முன்னேற்ற நூல்கள் அட்டையை மாற்றி மாற்றி அதையே அச்சடிக்கின்றன. வெறுங்கையோடு வந்தார்கள், உழைத்தார்கள், முதலாளி ஆனார்கள். இங்கே சாதி இல்லை, மதம் இல்லை, படிப்புகூட வேண்டாம். நேற்றைக்குக் கைமடி, இன்றைக்கு ஏற்றுமதியாளர். இப்படி மேலே வராதவன் எவனாவது இருந்தால் அவன் சோம்பேறி, குடிகாரன், அட்வான்சு வாங்கிக்கொண்டு ஓடிப்போகிறவன். கதை இவ்வளவுதான்.

இதில் பாதி உண்மை. அவர்கள் உழைத்தார்கள் என்பது உண்மை. இங்குள்ள முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள் என்பதும் உண்மை. 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சில கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஊர் இது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் வந்தது. 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி ஆனது. இதெல்லாம் சும்மா நடந்துவிடவில்லை. நான் கேட்பது சொல்லாமல் விட்ட அந்த மற்ற பாதியை. உழைத்தவர்கள் எல்லாரும் முன்னேறினார்களா? முன்னேறியவர்கள் எல்லாரும் ஏன் ஒருவருக்கொருவர் மாமன் மச்சானாக, பங்காளியாக இருக்கிறார்கள்? நாற்பது வருசமாக இந்த ஊரில் தைத்துக்கொண்டும், வெளுத்துக்கொண்டும், சாயம் போட்டுக்கொண்டும் இருக்கிற எங்கள் சனத்தில் ஏற்றுமதியாளரை ஏன் விரல் விட்டுக்கூட எண்ண முடியவில்லை?

நான் அவிநாசிப் பக்கத்து வளவொன்றில் பிறந்தவன். அருந்ததியர் என்பது சர்ட்டிபிகேட்டில் இருக்கிற பேர். ஊர்க்காரர் வாயில் நாங்கள் மாதாரி, கோபம் வந்தால் வேறு பேர். எங்கப்பன் பண்ணயத்தாள். வருசத்துக்கு ஒருக்கா பேச்சு, மாசத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு, தீபாவளிக்கு ஒரு வேட்டி. எட்டு வயசுச் சின்னப் பண்ணாடி எங்கப்பனை ‘வாடா போடா’ என்பான். எங்கப்பன் அவனை ‘வாங்க சாமி’ என்பார். தோட்டத்து வாசலில் துண்டை இடுப்பில்தான் கட்டியிருக்க வேண்டும். சட்டை போட்டுக்கொண்டு பண்ணாடி முன்னால் நின்றதே கிடையாது. அப்படிப்பட்ட ஆளுடைய மகன் 1986-இல், பதினொரு வயசில், சீமைக்காரன் போடுகிற சட்டைக்குத் துணி மடித்துக்கொடுக்கப் போனேன். கைமடியில் ஆரம்பித்து, சிங்கரில் உட்கார்ந்து, ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் எல்லாம் பார்த்தாயிற்று. என் கதையை இங்கே சாட்சியாக வைக்கிறேன். இரக்கம் யாரிடமும் கேட்கவில்லை.

முதலில் ‘உழைப்பு’ என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூர் முதலாளிகளிடம் பேசி எழுதிய நூல் 2004-இல் ஆங்கிலத்தில் வந்தது. எப்படி மேலே வந்தீர்கள் என்று அவர் கேட்டபோதெல்லாம் அவர்கள் ‘உழைப்பு’ என்ற ஒரே சொல்லைத்தான் பதிலாகத் தந்தார்கள். பணம் எங்கே கிடைத்தது, நூல் யார் தந்தார்கள், ஆர்டர் எப்படி வந்தது என்று கேட்டாலும் உழைப்பு. சாரி அந்தச் சொல்லை அப்படியே விழுங்கிவிடவில்லை. கவுண்டர் குடியானவரின் உழைப்பு என்பது, தானும் காட்டில் இறங்கிக்கொண்டே பண்ணையாளிடம் வேலை வாங்கத் தெரிந்த உழைப்பு என்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். தோட்டத்தில் ஆளை வேலை வாங்கிய பழக்கம்தான் கம்பெனிக்குள் வந்தது. அந்த ஆள் யார்? எங்கப்பன். எங்க தாத்தன்.

கொங்கு நாடு ஆற்றுப்பாசன பூமி அல்ல. வானம் பார்த்த காடும் கிணற்றுத் தோட்டமும்தான். கிணற்றில் கவலை ஓட்டித்தான் தண்ணீர் எடுத்தார்கள். கம்போடியாப் பருத்தி இந்தத் தோட்டங்களுக்கு வந்தது போன நூற்றாண்டின் தொடக்கத்தில். பருத்தி காசைக் கொண்டுவந்தது. காசு ஜின்னிங் பேக்டரி ஆனது, மில் ஆனது. 1930களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு கோயமுத்தூர் சுற்றுவட்டாரமே மில் பூமி ஆனது. இதையெல்லாம் வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. அவை சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. அந்தக் கவலையின் தோல் வாலைத் தைத்தது யார்? மாட்டைக் கட்டிய வாரை அறுத்தது யார்? செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, நாறிக்கொண்டே தைத்துத் தந்தவன் மாதாரி. தையல் ஒன்று பிரிந்தால் தண்ணீர் மேலே வராது. தண்ணீர் இல்லாமல் பருத்தி விளையாது. திருப்பூரின் முதல் தையல் பனியனில் விழவில்லை. கவலைத் தோலில் விழுந்தது, எங்கள் கையால் விழுந்தது. அதற்குக் கூலி களத்து மேட்டில் கூட்டி அள்ளுகிற தானியம். கரண்டு மோட்டார் வந்ததும் தோல் வேண்டாம் என்றார்கள், தோல் தைத்தவனும் வேண்டாம் என்றார்கள். நிலம் வைத்திருந்தவனுக்கு மோட்டார் லாபம். நிலம் இல்லாதவனுக்கு அதே மோட்டாரில் பிழைப்புப் போயிற்று. ஒரே எந்திரம் ஒருவனை முதலாளியாக்கவும் இன்னொருவனைத் தெருவில் நிறுத்தவும் செய்ததென்றால், அந்த வித்தியாசம் ஆளுடைய முயற்சியில் இருக்கிறதா, அவன் எங்கே பிறந்தான் என்பதில் இருக்கிறதா?

அது அந்தக் காலம், இப்போது மாறிவிட்டது என்பார்கள். சரி, இந்தக் காலத்துக்கு வருவோம்.

1999-இல் நானும் சிநேகிதர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆறு மெஷின் போட்டோம். பதிமூன்று வருசம் தைத்த கை. நூல் தெரியும், துணி தெரியும், எந்த பாயர் எந்தத் தையலில் என்ன குறை பிடிப்பான் என்று தெரியும். பெண்டாட்டிகளின் கழுத்திலும் காதிலும் இருந்தது அடகுக்கடைக்குப் போனது. பேங்கில் கேட்டோம், நிலப் பத்திரம் கொண்டுவா என்றார்கள். ஷெட் வாடகைக்குக் கேட்டோம். வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் தந்தார். பிறகு சிரித்த முகத்தோடு, “தம்பி, நீங்க என்ன கூட்டமுங்க?” என்றார்.

கொங்குப் பகுதிக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி புரியாது. கூட்டம் என்றால் குலம். கவுண்டர்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்தவர்கள். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி. பதில் சொல்லத் தெரியாதவன் இரண்டுமே இல்லை. சாதி என்ன என்று அவர் கேட்கவே இல்லை. எந்தச் சட்டத்திலும் இந்தக் கேள்விக்குத் தண்டனை கிடையாது. அந்த ஷெட் கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. ஆனால் அதே கேள்வி நூல் கடையிலும் வந்தது, ஆர்டர் தருகிற இடத்திலும் வந்தது, சாயப்பட்டறையிலும் வந்தது.

திருப்பூர்த் தொழில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரே கூரைக்கடியில் எல்லாம் நடக்கிற தொழில் அல்ல இது. நூலை ஒருவர் தருகிறார், நிட்டிங் ஒருவர் ஓட்டுகிறார், சாயம் இன்னொரு இடம், கட்டிங்கும் தையலும் வேறு ஷெட், காஜா பட்டன் வேறு, அயர்ன் பேக்கிங் வேறு. ஒவ்வொரு கைமாற்றமும் கடன். இன்றைக்குச் சரக்கு, பணம் பில் பாஸ் ஆன பிறகு. எழுத்து இல்லாமல், ஒரு போன் பேச்சில் லட்சக்கணக்கில் நடக்கிறது. இதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘நம்பிக்கை’. இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? ஏமாற்றினால் அடுத்த கல்யாணத்தில், குலதெய்வக் கோயிலில், முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயத்திலிருந்து வருகிறது. அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பில்லாதவன், அந்தக் கோயிலுக்குள் வராதவன், எத்தனை யோக்கியனாக இருந்தாலும் ‘நம்பிக்கை’க்கு வெளியேதான். அவனுக்கு ரொக்கம். ரொக்கத்தில் தொழில் செய்து திருப்பூரில் ஒருவனும் பிழைத்ததில்லை.

இரண்டு வருசத்தில் மெஷினை விற்று நகையைத் திருப்பினோம். அதே வருசம் பக்கத்து ஷெட்டில் அதே ஆறு மெஷினோடு ஆரம்பித்தவருக்கு அவருடைய மாமன் நூல் கொடுத்தார், சித்தப்பன் ஆர்டர் கொடுத்தார். பில் மூன்று மாசம் நின்றபோது இன்னொரு சொந்தக்காரர் கைமாற்று தந்தார். இன்றைக்கு அவரிடம் இருநூறு மெஷின். அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரி ஒன்றரை ஷிப்டு அவரும் நின்றார், நாங்களும் நின்றோம். அவருக்கு ஓவர்லாக் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இப்போது அவர் வாழ்க்கை பேட்டியாக வருகிறது: ‘ஆறு மெஷினில் ஆரம்பித்தேன்.’ அந்த மாமனும் சித்தப்பனும் பேட்டியில் வருவதில்லை. தனிமனிதன் என்று நமக்குக் காட்டப்படுகிற ஒவ்வொருவனுக்குப் பின்னாலும் ஒரு கூட்டமே நிற்கிறது. எங்களுக்கு மட்டும்தான் நிஜமாகவே தனிமனிதனாக நிற்கிற பாக்கியம்.

அம்பேத்கர் இதை நூல் வழியாகவே காட்டியிருக்கிறார். பம்பாய் மில்களில் தீண்டப்படாத தொழிலாளி நெசவுப் பிரிவில் சேர முடியாது. கூலி அதிகம் கிடைத்த பிரிவு அது. நாடாவில் நூல் கோக்க வாயை வைக்க வேண்டும், எச்சில் படும். சாதி இந்துத் தொழிலாளிக்குத் தீட்டு. 1928-இல் பம்பாய் மில் வேலைநிறுத்தம் நடந்தபோது இந்த உரிமையையும் கோரிக்கையில் சேர்க்கச் சொல்லி அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் மல்லுக்கு நின்றார். 1938-இல் மன்மாடில் ரயில்வேயில் வேலை பார்த்த தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில், தொழிலாளிக்குப் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரண்டு எதிரிகள் என்று பேசினார். திருப்பூரில் நூலில் எச்சில் பிரச்சினை இல்லை. மெஷின் யாரையும் தீண்டிக்கொள்ளும். இங்கே தீட்டு கடனில் இருக்கிறது, ஆர்டரில் இருக்கிறது, ஷெட் வாடகையில் இருக்கிறது.

எங்கள் ஆட்களிலேயே ஒருசிலர் என்னை மறுப்பார்கள். திருப்பூர் இல்லையென்றால் நாமெல்லாம் இன்னும் பண்ணயத்தில்தானே கிடந்திருப்போம் என்பார்கள். இதை நான் தட்டமாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் கையில் சம்பளம் வாங்கியபோது பண்ணாடியின் வள்ளம் உடைந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம், சட்டை போட்டோம், சினிமாவுக்குப் போனோம், பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பக்கத்து மெஷின்காரன் யாரென்று தெரியாமலே சோற்றைப் பங்கு போட்டுத் தின்றோம். நகரம் தந்த இந்தச் சுவாசத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அந்தச் சுவாசம் பஸ் ஏறி ஊருக்கு வரவில்லை. டி நெவ், கார்ஸ்வெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் வேலை செய்து 2014-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். டி-சர்ட்டையும் டம்ளரையும் சேர்த்துத் தலைப்பு வைத்தார்கள். அவர்கள் பார்த்த ஓர் ஊரில் தலித்துகள் பனியன் கம்பெனிக்குப் போய்வந்து தோட்டக்காரரின் பிடியிலிருந்து கொஞ்சம் கழன்றார்கள். இன்னோர் ஊரில் விசைத்தறிக்காரரிடம் வாங்கிய அட்வான்சே காலில் கட்டையாகக் கிடந்தது, அவர்களால் திருப்பூருக்கு வரவே முடியவில்லை. இரண்டு ஊரும் ஒரே தொழில் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். தோட்டத்து அட்வான்ஸ் தறி அட்வான்ஸாக மாறிக்கொண்டது, அவ்வளவுதான். ஒருவன் திருப்பூர் பஸ்ஸில் ஏறுகிறானா இல்லையா என்பதைக்கூட அவன் ஊர்ச் சாதிக்காரன் என்ன தொழில் வைத்திருக்கிறான் என்பது தீர்மானிக்கிறது. இதற்கு மேலே எதைச் சொந்த முயற்சி என்பது?

டி-சர்ட் கடல் கடந்து போகிறது. எங்கள் பெண் கை பட்ட சோறு பக்கத்துத் தெருவுக்குப் போகாது. 2018 ஜூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம் அந்தப் பெண்ணை மாற்றியதுதான். போராட்டத்துக்குப் பிறகே அவரைத் திரும்பப் போட்டார்கள். அங்கே வந்து நின்றவர்களில் எத்தனை பேர் ‘சாதி இல்லாத’ திருப்பூரில் தொழில் செய்கிறவர்களோ! 2016 மார்ச் 13-ஆம் தேதி இதே மாவட்டத்தில், உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு அருகே, பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். பொறியியல் மாணவர், பள்ளர் வீட்டுப் பிள்ளை, கௌசல்யாவைக் காதலித்துக் கல்யாணம் செய்தவர். படித்தால் மேலே வரலாம் என்ற சொல்லை நம்பிப் படித்தவர்தான் சங்கர்.

பெண்களிடம் வருவோம். தமிழ்நாட்டு மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று ஓடியது. மூன்று வருசம் மில்லுக்குள்ளேயே தங்கி வேலை செய்தால், முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவோம், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது பேச்சு. விடுதிக்கு வெளியே தனியாகப் போக முடியாது, உடம்பு சரியில்லாமல் மூன்றாம் வருசம் வெளியே வந்தால் மொத்தத் தொகையும் சந்தேகம். நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. உள்ளே இருந்த பெண்களில் பெரும்பகுதி தலித்துகள் என்றன. அந்தப் பெயரைப் பாருங்கள். கொடுக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குத் தாலியின் பெயரைச் சூட்டினார்கள். வரதட்சணை என்ற பண்பாடும், மழை பொய்த்த காடு என்ற பொருளாதாரமும், சாதி என்ற சமூகமும், தூங்குகிற அரசாங்கமும் நான்கு கயிறாகத் திரிந்து பதினைந்து வயசுப் பெண் ஒருத்தியின் கழுத்தில் விழுகின்றன. பிறகு அவளிடம் ‘நீ விரும்பித்தானே வந்தாய்?’ என்று கேட்கிறார்கள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இருபது வயசுத் தலித் பெண் கொல்லப்பட்டாள். கொன்றது ஆலையின் மேற்பார்வையாளர். அந்த ஆலையில் பாலியல் தொல்லை புதிதல்ல என்று உடன் வேலை செய்த பெண்கள் வாய் திறந்தார்கள். தலித் பெண்கள் தலைமை தாங்குகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்ற சங்கம் விடாமல் நின்றது. 2022-இல் ஆலை நிர்வாகத்தையும் வெளிநாட்டு பிராண்டையும் கையெழுத்துப் போட வைத்தது. அந்தத் திண்டுக்கல் ஒப்பந்தம் பாலினத்தோடு சாதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ‘தொழிலாளி’ என்ற பொதுச்சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று இவ்வளவு காலம் சொல்லிவந்தவர்கள் அந்தப் பெண்களிடம் பாடம் படிக்க வேண்டும்.

தொழிற்சங்கத் தோழர்களோடு எனக்குச் சண்டை உண்டு, பகை இல்லை. 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் இந்த ஊர் நின்றது. அந்தச் சங்கங்கள் இல்லாவிட்டால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்டு என்ற பேச்சே இங்கே இருந்திருக்காது. ஆனால் கேட்கிறேன்: எந்தக் கோரிக்கைப் பட்டியலிலாவது, கக்கூஸ் கழுவுகிற வேலைக்கு ஏன் எப்போதும் ஒரே சாதி ஆளைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டீர்களா? ஜாப் ஒர்க் யாருக்குப் போகிறது, கட்டிங் மாஸ்டர் யார், சாயத்தொட்டியில் யார் என்று சாதிவாரிக் கணக்கு எடுத்தீர்களா? சாதியைப் பேசினால் வர்க்கம் உடையும் என்கிறீர்கள். வர்க்கம் ஏற்கெனவே உடைந்துதான் கிடக்கிறது, உடைத்தது நாங்கள் இல்லை. முதலாளி சொல்கிற ‘இங்கே சாதி இல்லை’யும் தோழர் சொல்கிற ‘இங்கே சாதி முக்கியமில்லை’யும் எங்கள் காதுக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது.

2025 மே மாதம் பல்லடம் பக்கத்தில் கரைப்புதூரில், ஒரு சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய தலித் தொழிலாளர்கள் விஷவாயுவில் மூச்சு முட்டிச் செத்தார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. ‘யார் உழைத்தாலும் மேலே வரலாம்’ என்ற ஊரில், உழைத்துக் கீழே இறங்குகிறவன் யார் என்பதும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது.

நொய்யலையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயக்கழிவு ஆற்றைக் கொன்றது, ஒரத்துப்பாளையம் அணையைச் சாயத்தொட்டி ஆக்கியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். நியாயமான வழக்கு. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இழப்பீடு நிலம் பாழான விவசாயிக்கு என்று பேசப்பட்டது. அந்த நிலத்தில் களை வெட்டிக் கூலி வாங்கியவளுக்கு என்ன இழப்பீடு? அந்தத் தண்ணீரில் மாடு குளிப்பாட்டியவனுக்கு? மூடிய பட்டறையில் கூலி இழந்தவனுக்கு? பட்டா இல்லாதவனுக்கு ஆறு செத்தால் நட்டமில்லை என்பது அரசாங்கத்தின் கணக்கு. பட்டறைக்காரர்களுக்கோ பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாமல் தந்தது.

‘தானாக முன்னேறியவர்கள்’ என்கிறீர்களே, அந்த 200 கோடி யாருடையது? 1999-இல் வந்த தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி, ஏற்றுமதிக்குத் திருப்பித் தருகிற வரி, சலுகை வட்டி, ஊருக்கே தண்ணீர் கொண்டுவந்த திட்டம் எல்லாம் யாருடைய பணம்? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற எங்கள் ஆத்தாவின் பணமும் அதில் இருக்கிறது. எங்களுக்கு ஸ்காலர்ஷிப் தந்தால் சலுகை. அவர்களுக்குத் தந்தால் தொழில் ஊக்குவிப்பு. 2009-இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. எங்கள் பிள்ளைகள் அதில் டாக்டருக்குப் படிக்கிறார்கள், நர்ஸ் ஆகிறார்கள். ஆனால் பல்லாயிரம் கோடி புரளுகிற பனியன் தொழிலின் வாசலில் அந்த 3 விழுக்காடு செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கிறது.

இப்போது புதுப்பாட்டு ஒன்று பாடுகிறார்கள்: ‘நம்மூர்க்காரன் சோம்பேறி ஆகிவிட்டான், வடக்கத்தியான்தான் உழைக்கிறான்.’ ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்து ஒரு ரூமில் பத்துப் பேராகப் படுக்கிறார்களே, அவர்களில் எத்தனையோ பேர் அந்தந்த ஊரின் தலித்துகள், பழங்குடிகள். 2023 மார்ச்சில் அவர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது பயந்து ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். அவர்கள் நம் போட்டியாளர்கள் என்று நம் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்கிறேன், அவர்கள் நாற்பது வருசத்துக்கு முந்திய நாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது ஆர்டர் நின்றது. முதலாளிகள் சங்கம் டெல்லிக்குப் போய் நிவாரணம் கேட்டது. ஷிப்டு குறைந்து சனிக்கிழமைக் கவர் மெலிந்தவன் எந்த டெல்லிக்குப் போவான்?

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். மத்திய அரசு நிறுவனங்கள் கொள்முதலில் 4 விழுக்காடு தலித், பழங்குடியினரின் சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-இலேயே விதி வந்திருக்கிறது. அரசு வாங்கலாம் என்றால், அரசின் பணத்தில் வளர்கிற ஏற்றுமதியாளர் ஏன் வாங்கக்கூடாது? சலுகை வாங்குகிற ஒவ்வொரு நிறுவனமும் தன் ஜாப் ஒர்க்கில் இத்தனை பங்கு தலித் யூனிட்டுகளுக்கு என்று காட்டட்டும். தமிழ்நாடு அரசு 2023-இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டுவந்து மானியம் தருகிறது. நல்லது. ஆனால் மானியம் மெஷினைத்தான் வாங்கித் தரும். ஆர்டரை வாங்கித் தராது, மூன்று மாசம் நிற்கிற பில்லுக்குக் கைமாற்று தராது. அதற்கு எங்களுக்கென்று நூல் கிடங்கும், கூட்டுறவுக் கடனும், பில்லின் மேல் உடனே பணம் தருகிற ஏற்பாடும் வேண்டும். பிராண்டுகளின் தணிக்கைக்காரர்கள் தீயணைப்பானை எண்ணுகிறார்கள், கக்கூஸை எண்ணுகிறார்கள். எந்த வேலையில் எந்தச் சாதி என்பதையும் எண்ணட்டும். எண்ணாமல் ‘சாதி இல்லை’ என்று யாரும் சொல்லக்கூடாது.

எழுதுகிற தோழர்களுக்கும் படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சாயத்தைப் பற்றி சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ எழுதினார், பண்ணயத்துச் சிறுவனைப் பற்றி பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’ எழுதினார். நம் கைமடிகளைப் பற்றி, பிசிர் வெட்டுகிற அக்காமார்களைப் பற்றி, ஆறு மெஷின் போட்டு விற்றவர்களைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும். முதலாளியின் வாழ்க்கை வரலாறு வந்தால் பக்கத்திலேயே நம் ஆளின் வாழ்க்கை வரலாறையும் வையுங்கள். ஒரே வருசம், ஒரே தெரு, ஒரே மெஷின். யாருக்கு யார் நூல் கொடுத்தார்கள், யாரிடம் என்ன கேள்வி கேட்டார்கள், யார் பட்டா வைத்திருந்தார்கள், யார் வீட்டுப் பெண்ணின் கழுத்து காலியானது என்று வரி வரியாக எழுதுங்கள். அப்போது ‘அவன் உழைத்தான், இவன் உழைக்கவில்லை’ என்ற கணக்கு தானாகவே கிழியும்.

உழைப்பு என்ற சொல்லை அவர்களிடம் விட்டுவிட முடியாது. அது நம்முடைய சொல். கவலைத் தோலிலிருந்து ஓவர்லாக் வரைக்கும் நாம் போட்ட தையலுக்குக் கணக்கு இருக்கிறது, பாக்கியும் இருக்கிறது. பாக்கியைக் கேட்கிறவனை யாசகன் என்று யாரும் சொல்ல முடியாது.